பின்சக்கரத்துத் தகரம்

நம் வயதுக்காரர்களுக்குச் சைக்கிள் கடை என்றால் முதலில் வாசனைதான் நினைவுக்கு வரும். மண்ணெண்ணெய், கிரீஸ், பங்சர் ஒட்டுகிற சொல்யூஷன், தொட்டித் தண்ணீரில் ஊறிய ரப்பர். உங்களுக்கு அது தெருவில் கடந்துபோன வாசனை. எனக்கு அது என் அத்தாவின், சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவின், வாசனை. வெள்ளிக்கிழமை குளித்து, அத்தர் தடவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனாலும், பக்கத்தில் நிற்பவருக்கு இவர் யாரென்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துவிடும்.

இப்படியே சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வந்தது சிரிப்பான விஷயம் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் துருப்பிடித்த பின்சக்கரம் ஒன்று எங்கள் கடைக்கு வந்தது. அதைப் பற்றி அத்தா ஒரு பொய் சொன்னார், நான் ஒரு பொய் சொன்னேன். அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பவள் நான்தான்.

எங்கள் கடை வெண்ணாற்றுக் கரையில், சட்ரஸ் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே பலகைகளை இறக்கி ஏற்றித் தண்ணீரைத் திருப்பிவிடும் அந்த இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஆட்சி மாறிய புதுசு. கடைத்தெருவில் வேட்டிக் கரைகளெல்லாம் மாறியிருந்தன. களத்தில் கூலி அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. அதை மாற்றச் சொல்லி அக்கரைத் தெருவில் சங்கம் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவின் ஆண் பெண் அத்தனை பேரும் பண்ணையாரின் வயலில் கூலி வேலை செய்தவர்கள்.

அத்தா யார் பக்கமும் இல்லை. சங்கத்தார் சைக்கிளும் பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளும் எங்கள் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தலைகீழாக நிற்கும். டீக்கடையில் அக்கரைத் தெருக்காரர்களுக்குத் தனிக் கிளாஸ் வைத்திருந்த காலம் அது. எங்கள் கடைப் பானைக்கு ஒரே குவளைதான். "சைக்கிளுக்கும் தாகத்துக்கும் சாதி கிடையாது" என்பார் அத்தா. கடை நின்ற இடம் மட்டும் பண்ணையாருடையது. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகப் படவில்லை.

சங்கத்துச் செயலாளரை நான் சங்கத்து மாமா என்பேன். அவர் மகள் என் வகுப்பு, என் கூட்டாளி. இருவரும் ஆறாவது படித்தோம். அந்தத் தெருவிலிருந்து ஆறாவது வரை வந்த முதல் பெண்பிள்ளை அவள்தான். மாமா அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே ஊர் ஊராகச் சங்க வேலைக்குப் போவார். அந்த ஓட்டத்தில் அந்தச் சைக்கிளின் பின்சக்கரம் கடக் கடக் என்று அடிக்க ஆரம்பித்தது.

சக்கரத்தின் நடுக்குடத்தை ஹப் என்பார்கள். அதன் இரண்டு வாயிலும் இரும்புக் கிண்ணம் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள்தான் குண்டுகள் உருளும். மாமாவின் ஹப்பில் செயின் பக்கத்துக் கிண்ணம் தேய்ந்து தளர்ந்து ஆடியது. புது ஹப் வாங்க அவருக்கு வழியில்லை. அத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். என் பலப்பப் பெட்டி கண்ணில் பட்டது.

பினாங்கிலிருந்து என் தாய்மாமா கொண்டுவந்த பிஸ்கோத்து டப்பா அது. பச்சை நிறம். மூடியில் ஒரு கிளி, சிவந்த மூக்கு, மஞ்சள் கண். உள்ளே பலப்பத் துண்டுகளும் உடைந்த வளையலும் வைத்திருந்தேன். அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அத்தா மூடியின் குறுக்கே ஒரு விரல் நீளத்துக்குத் தகரத்தைக் கத்தரித்துக் கிண்ணத்தைச் சுற்றி வைத்து உள்ளே அடித்துவிட்டார். கிளிக்குத் தலை இல்லை. நான் தரையில் புரண்டு அழுதேன்.

மாமா அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளை ஒரு சுற்று மிதித்துப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் குந்தினார்.

"அழாத பாப்பா. உன் கிளி இனிமே என்கூட ஊரூராச் சுத்தப் போவுது. எந்த ஊர்ல என்ன பாத்துச்சுன்னு நான் வந்து சொல்றேன்."

சொல்லவும் செய்தார். நீடாமங்கலத்தில் கிளி ரயிலைப் பார்த்ததாம். அதிராம்பட்டினத்தில் கடலைப் பார்த்துப் பயந்துவிட்டதாம். நான் கோபம் மறந்து அடுத்த செய்திக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஆடியில் வைத்த தகரம் அது. ஐப்பசி வரை செய்தி வந்தது.

கார்த்திகையில் அடைமழை. ஆறு கரை தட்டி ஓடியது. மறுநாள் தாலுகா ஆபீசில் கூலிப் பேச்சுவார்த்தை என்றிருந்த அன்று சாயங்காலம், பக்கத்து ஊர் ஆட்களைச் சேர்க்கச் சைக்கிளில் போன மாமா திரும்பவில்லை. பேச்சுவார்த்தைக்கும் வரவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாவது நாள் ஒரு கதை கிளம்பியது. பண்ணையார் அவருக்குப் பம்பாயில் மில் வேலை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று. அந்தக் கதையை யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா என்று எல்லோரும் கேட்டார்கள். இந்தப் பழமொழியால் கெட்ட குடும்பங்களை யாராவது எண்ணிப் பார்த்தால் நல்லது.

தையில் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடையை முடித்துக்கொண்டார் பண்ணையார். அக்கரைத் தெரு அந்த வருஷம் பட்டினி கிடந்தது. அத்தனை ஆத்திரமும் ஓடிப்போனவர் என்று பெயர் வாங்கியவர் வீட்டின்மேல் விழுந்தது. தெருக்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர் மனைவியை நடவுக்கும் களையெடுப்புக்கும் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது. கூட்டாளி பள்ளிக்கூடம் வருவதும் நின்றது. பாலத்தில் ஒருமுறை எதிரே வந்தாள். "எங்கப்பா ஓடல" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

பங்குனியில் மேலே அணையை மூடி ஆறு வற்றியது. சட்ரஸுக்குக் கீழே மடுவில் மீன் பிடிக்க இறங்கியவர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சைக்கிளை இழுத்தார்கள். முன்சக்கரம் இல்லை. ஹேண்டில்பார் இல்லை. வளைந்த பாரும் கேரியரும் பின்சக்கரமும் மட்டும் இருந்தன. துரு அப்பி, சிப்பி ஒட்டி, யாருடையது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லாமல் இருந்தது. அந்தச் சட்ரஸில் வருஷத்துக்கு இரண்டு சைக்கிளாவது விழும்.

அதை எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். அக்கரைத் தெரு நாட்டாமை வந்தார். சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளரானவர் வந்தார். எல்லோருக்கும் பின்னால் மாமாவின் மனைவியும் கூட்டாளியும் வந்தார்கள். அவரை நான் அத்தை என்பேன். அத்தை குனிந்து அந்தக் கேரியரை ஒருமுறை தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"உன் புருசன் சைக்கிளா பாரு" என்றார் நாட்டாமை.

"எனக்கு என்னங்க தெரியும். துருவா கெடக்கு" என்றார் அத்தை. பிறகு அத்தாவைப் பார்த்தார். "பாய், ஆடி மாசம் நீங்க உள்ள தகரம் வச்சுக் குடுத்தீங்களே. தொறந்து பாத்தா தெரிஞ்சுடுமில்ல?"

அத்தா தலையாட்டினார். "தெரிஞ்சுடும். பச்சைத் தகரம். என் மகளோட டப்பா. இந்த ஜில்லாவுலயே வேற எந்த ஹப்புலயும் அது இருக்காது."

"தகரம் இருந்தா அவரு எங்கயும் ஓடலன்னு ஒத்துக்குவீங்களா?" என்று அத்தை நாட்டாமையைக் கேட்டார்.

"ஆத்துல போனவனை யாரு பழி சொல்லுவா? பாய் வாயால சொல்லட்டும், கட்டுப்பாட்டை அன்னைக்கே எடுத்துடுறோம்" என்றார் நாட்டாமை. புதுச் செயலாளரும் சரி என்றார்.

ஆகவே விஷயம் இவ்வளவுதான். ஹப்புக்குள் என் கிளித் தகரம் இருந்தால் மாமா வெள்ளத்தில் செத்தவர். இல்லாவிட்டால் தெருவை விற்றுவிட்டு ஓடியவர்.

ஐந்து மாதம் மண்ணுக்குள் கிடந்த ஹப்பைத் திறப்பது சுலபமில்லை. அச்சின் இரண்டு முனையிலும் மரை இருந்த இடமே தெரியவில்லை. அத்தா சக்கரத்தைப் படுக்கவைத்து, நடுவில் களிமண்ணால் பாத்தி கட்டி, அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் மரையைத் தட்டித் தட்டிக் கழற்றினார். அச்சு வர மறுத்தது. கரி அடுப்பில் ஹப்பைக் காட்டிச் சூடேற்றி, ஈரச் சாக்கால் அச்சை மட்டும் குளிரவைத்து, மரக்கட்டையை வைத்து ஒரே அடி. அச்சு வந்தது. அதனோடு செம்மண் குழம்பும் நசுங்கிய குண்டுகளும் கொட்டின. கடை முழுக்க ஆற்று வாடை.

அத்தை தினமும் காலையில் வந்து எதிர்ப்புறம் புளியமரத்தடியில் உட்காருவார். வேலைக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லையே. கூட்டாளியும் நானும் கீழே சிந்திய குண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவோம். ஒருநாள் அவள் என்னிடம், "உன் கிளி இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன். "இருந்தா எங்கப்பா செத்துட்டாருன்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "இல்லாட்டி ஓடிட்டாருன்னு அர்த்தம்" என்றாள். குண்டுகளை மறுபடியும் பொறுக்கினாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு எதைக் கேட்டு வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் போயிற்று.

நடுவில் ஒருநாள் காரியஸ்தர் வந்தார். சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே, "என்ன பாய், ஊர்ல வேற வேலை இல்லியா? துருப்பிடிச்சதை நோண்டிக்கிட்டு இருக்கீர்" என்றார்.

"கேட்டாங்க, செய்யுறேன்" என்றார் அத்தா.

"செய்யும், செய்யும். இடத்துக்காரர் காதுலயும் விழத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டுப் பெல்லை அடித்துக்கொண்டு போனார். அத்தா பம்பை எடுத்து உள்ளே வைத்தார். அன்று மத்தியானம் சோறு இறங்காமல் எழுந்துவிட்டார்.

கிண்ணத்தை எடுக்க முதலில் அதன்மேல் மூடியிருந்த ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகிற சாமான் அது. மாமா மிதித்த மிதியெல்லாம் அதில் இறுகியிருந்தது. அத்தா அதைப் பட்டறை வைஸில் கவ்வவைத்து, சக்கரத்தை மேலே படுக்கவைத்து, ரிம்மை பஸ் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. புதுச் செயலாளர் வந்து ஒரு கை கொடுத்தார். அசையவில்லை. கம்பிகள் இரண்டு அறுந்ததுதான் மிச்சம்.

அத்தை புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தள்ளுங்க பாய்" என்றார்.

நாற்றுக்கட்டு தூக்கிய கை அது. அத்தை ரிம்மைப் பிடித்துக் காலை ஊன்றி உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. துருவெல்லாம் உள்ளங்கையில் ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். சக்கரம் கால் சுற்று சுற்றியது. அத்தை முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அத்தா முகத்தில் அது இல்லை.

"இனிமே கிண்ணம்தான். ராத்திரி பூரா ஊறட்டும். காலையில எல்லாரையும் வரச் சொல்லுங்க, அவங்க முன்னாடியே எடுக்குறேன்" என்றார் அத்தா.

எல்லோர் முன்னாலும் எடுக்கவில்லை. விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். எங்கள் வீடு கடையின் பின்பக்கம். சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். விடிகிற வெளிச்சத்தில் அத்தா ஹப்பின் ஒரு வாய் வழியாக உளியை விட்டு மறுவாய்க் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். கிண்ணம் விழுந்தது. அதைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. அத்தா கட்டைவிரலால் கிரீஸை வழித்தார்.

பச்சை. ஓரத்தில் சிவந்த மூக்கு. மஞ்சள் கண்.

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். "அத்தா, என் கிளி!" என்று கத்தப் போனேன். அத்தா என் வாயைப் பொத்தினார். அந்தக் கையின் கிரீஸ் என் உதட்டில் பட்டது.

"நீ ஒண்ணும் பாக்கல."

பொத்திய கையை எடுத்தார்.

"போன வருசம் கரையில புருசன் செத்த ஒரு சின்னப் பொண்ணை உக்காத்தி வச்சு வளையல உடைச்சு, பூவைப் பிச்சு, தாலிய எடுத்தாங்களே, பாத்தேன் நான். நம்மகிட்ட புருசன் செத்தா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தா முடிஞ்சது, மறுகல்யாணம்கூடப் பண்ணிக்கலாம். அவங்ககிட்ட அப்படி இல்லம்மா. நான் இதைக் காட்டினா உன் கூட்டாளி அம்மா தாலிய நானே என் கையால அறுத்த மாதிரி. எங்கயோ உசிரோட இருக்கார்னு நெனச்சுக்கிட்டுப் பொட்டும் பூவுமா இருக்கட்டுமே. உன் கூட்டாளிக்கும் அப்பா இருக்கார்னு இருக்கட்டும்."

தகரத்தை இடுப்பில் கட்டியிருந்த பச்சைப் பெல்ட்டின் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்.

அவர் இரங்கினாரா, காரியஸ்தருக்குப் பயந்தாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். பயத்துக்கு இரக்கம் நல்ல சட்டையாக இருந்திருக்கலாம். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தாவும் நானும் மட்டும் ஒரு ரகசியம் வைத்திருக்கிறோம் என்பதே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அத்தா கிண்ணத்தை நாட்டாமை கையில் கொடுத்தார்.

"காலையிலேயே வந்துடுச்சு. தகரம் இல்ல. இது வேற சைக்கிள்."

நாட்டாமை கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுச் செயலாளர் பெருமூச்சு விட்டார். அத்தை மட்டும் அசையாமல் நின்றார்.

"நல்லாப் பாத்தீங்களா பாய்?"

"பாத்தேம்மா."

"தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயிருக்குமோ?"

"உள்ள இறுக்கி அடிச்சது. போவாது."

அத்தை கொஞ்ச நேரம் அத்தாவையே பார்த்தார். அத்தா சாமான்களைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா பாப்பா?"

என் உதட்டில் கிரீஸ் இன்னும் இருந்தது. அத்தை அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தை. கிளி இல்ல" என்றேன்.

"பாய் வீட்டுப் பிள்ளையும் சொல்லுது, வா" என்று நாட்டாமை நடந்தார். கட்டுப்பாடு கட்டுப்பாடாகவே இருந்தது. இப்போது அதற்குப் பாயின் சாட்சியும் சேர்ந்துகொண்டது. வைகாசியில் தண்ணீர் வருவதற்குள் அத்தையும் கூட்டாளியும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் மட்டை உரிக்கப் போனதாகச் சொன்னார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஆனால் அத்தா கடைசிவரை தான் பிடித்தது பிள்ளையார்தான் என்று நம்பினார். எப்போதாவது, "அந்தப் பொண்ணு பொட்டோட இருக்கும்" என்பார், யாரும் கேட்காமலே.

அத்தா கண்ணை மூடி மௌத்தானபோது அந்தப் பச்சைப் பெல்ட் என்னிடம் வந்தது. பைக்குள் மருந்துச் சீட்டு ஒன்றில் சுற்றித் தகரம் இருந்தது. அப்போதே அத்தையைத் தேடி எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பிள்ளைகள் சின்னவை, வீட்டுக்காரர் துபாயில், அத்தாவின் பெயர் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. இருபது வருஷம் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

போன வருஷம் அதிராம்பட்டினத்தில் ஒரு நிக்காஹ். பந்திக்குக் காய் நறுக்க வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் தன் பெரியம்மாவின் ஊர் எங்கள் ஊர் என்றாள். பெரியம்மா பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவராம், அவருடைய அம்மாவும் இன்னும் இருக்கிறாராம். கேட்கக் கேட்க அது கூட்டாளிதான் என்று தெரிந்தது. அட்ரஸ் வாங்கிக்கொண்டு மறுநாளே போனேன். தகரம் என் கைப்பையிலேயேதான் இருந்தது, எப்போதும்.

தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. கூட்டாளி என்னைவிடக் கிழவியாகியிருந்தாள். என்னை அடையாளம் கண்டதும் "வா" என்றாள். சிரிக்கவில்லை. அத்தை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அத்தா ஆசைப்பட்டது அப்படியே இருந்தது.

கைப்பையைத் திறந்தேன். சீட்டைப் பிரித்துத் தகரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். கிளியின் மூக்கை விரலால் தடவினார்.

"உங்கப்பா வச்சிருந்தாரா?"

"ஆமா அத்தை. உங்க தாலிய நெனச்சு... நீங்க தெரிஞ்சுக்காம இருந்தா..."

"எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா?" என்றார் அத்தை. குரலில் கோபம்கூட இல்லை. "கேரியர் கம்பி ஒடைஞ்சு இவ காலைக் கிழிச்சுதுன்னு செப்புக் கம்பிய ஆறு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டவ நானு. வாசல்ல கொண்டாந்து போட்ட அன்னைக்கே தொட்டுப் பாத்தேன். என் முடிச்சு. அப்பவே தெரியும்."

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அப்ப ஏன் சொல்லல?"

"பொண்டாட்டி சொன்னா தெரு நம்புமா? நானே கட்டிவிட்ட கம்பின்னுவாங்க. உங்கப்பா சொன்னா ரெண்டு பக்கமும் நம்பும். அதுக்குத்தாம்மா அவருகிட்டக் கேட்டேன். எனக்குத் தெரியறதுக்கு இல்ல. ஊருக்கு முன்னாடி ஒரு ஆம்பள, என் புருசன் செத்துட்டாருன்னு சொல்லணும். சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். ஓடிப்போனவனுக்காக எவளாச்சும் ஒப்பாரி வைப்பாளா? ஐம்பது வருசமா என்னை அழ விடலியே உங்கப்பா."

கூட்டாளி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை திடீரென்று குரலை உயர்த்தி, "ஏய், இங்க வாங்க எல்லாரும்" என்று கூப்பிட்டார். யார் இருந்தார்கள் அங்கே? செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் ஒருவன், தேங்காய் ஏற்ற வந்த வண்டிக்காரர், பக்கத்து வீட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த பெண். மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லு" என்றார் அத்தை என்னிடம். "உங்கப்பா எடத்துல நின்னு சொல்லு. அது யாரு சைக்கிளு?"

எழுந்து நின்று சொன்னேன். "சங்கத்து மாமா சைக்கிள்தான். தகரம் உள்ள இருந்துச்சு. நான் பாத்தேன். மாமா எங்கயும் ஓடல."

அத்தை தகரத்தை மார்போடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு நெஞ்சில் ஒரு அடி அடித்துக்கொண்டு ராகமெடுத்தார். அந்தக் குரல் அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. சைக்கிளைச் சொல்லி, மழையைச் சொல்லி, ஆற்றைச் சொல்லி அழுதார்.

பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னக்கா, யாரு செத்தது? எப்போ?" என்று கூட்டாளியைக் கேட்டாள்.

"எங்கப்பா" என்றாள் கூட்டாளி. "இன்னைக்குத்தான்."

அந்தப் பெண் கொண்டையை அவிழ்த்துவிட்டு, அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.